ஒரு ‘க்’ குறைந்த மீன்

ஷியோமி ஊரில் ஃபுகு என்று ஒரு மீன் கிடையாது. உடம்பை உப்பவைக்கும் அந்த விஷ மீன் கடலில் இருக்கிறது, படகில் வந்து இறங்குகிறது, ஏலம் போகிறது, சட்டியில் கொதிக்கிறது. ஆனால் ஊர் அலுவலகத்தைப் பொறுத்தவரை கிடையாது. அங்கே இருப்பது ஃபுக்கு. ஃபுக்கு என்றால் அதிர்ஷ்டம். நடுவில் உள்ள ‘க்’ கழன்று விழுந்தால் ஃபுகு. அது விளங்காமல் போனவனைக் குறிக்கிற சொல். ஆகவே அந்த ‘க்’கைக் காப்பாற்றுவதற்கென்றே அலுவலகத்தில் ஒரு குழு இருந்தது. குழுவுக்கு ஒரு தலைவர், தலைவருக்கு ஒரு கார், காருக்கு ஒரு ஓட்டுநர். அந்த ஓட்டுநர் பெட்ரோல் போடுகிற இடத்தில் பேச்சுவாக்கில் ஃபுகு என்று சொல்லிவிட்டார் என்பதற்காக அவரை உச்சரிப்புப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தவர் அதன்பிறகு மீனைப் பற்றியே பேசுவதில்லை.

இல்லாத மீன் யாரையும் கொல்ல முடியாது அல்லவா? ஊர் எல்லையில் பெரிய பலகை வைத்திருந்தார்கள்: ‘யாருக்கும் விஷம் அடிக்காத ஊர் உங்களை வரவேற்கிறது.’ இடையில் யாராவது வாய் கோணி விழுந்தால் அதற்குக் கடற்காற்று மயக்கம் என்று பெயர். கடற்காற்று மயக்கத்தில் செத்தவர்களுக்கு ஊர் அலுவலகம் மலர்வளையம் அனுப்பும். அதில் ஒரு குறையும் வைத்ததில்லை.

அந்த ஊர்ப் பேச்சில் இன்னொரு சங்கடமும் உண்டு. குலுக்கலில் பரிசு விழுந்தாலும் ‘அடிச்சிருச்சு’ என்பார்கள். மீன் விஷம் ஏறினாலும் ‘அடிச்சிருச்சு’ என்பார்கள். முகத்தைப் பார்த்துத்தான் எது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

குனிஹிரோ தெத்சுயா அந்த ஊரில் சலவைக்கடை வைத்திருந்தார். ஊர்ப் பெரிய மனிதர்களின் சட்டைக் காலர்களைத் தேய்த்துத் தேய்த்து, அவர்களுக்கு எதிராக ஒரு சொல் பேசாமலே ஐம்பதைத் தாண்டியவர். ஊர் அலுவலகம் சொல்வதையெல்லாம் நம்புவார். நம்பாவிட்டால் தூக்கம் வராது என்கிற சாதி அவர்.

அந்த வருடம் திருவிழாவுக்கு அலுவலகம் புதிதாக ஒன்று கண்டுபிடித்தது. ஈரல்தான் விஷத்தின் வீடு. ஃபுகுவின் ஈரலை விற்கக் கூடாது என்று நாடு முழுவதற்கும் சட்டம் இருக்கிறது. குழு கூடிச் சட்டத்தைப் படித்தது. ‘இதில் ஃபுகு என்றுதானே எழுதியிருக்கிறது? நம்முடையது ஃபுக்கு ஆயிற்றே’ என்று யாரோ கேட்டார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். மேயர் கொமுரோ மேடையேறி, ஊர் பார்க்க ஒரு துண்டு ஈரலைச் சாப்பிட்டுக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். மறுநாளே மீன் பாக்கெட்டுகள் பொன்னிறச் சீட்டு ஒட்டிக் கடைக்கு வந்தன: ‘அதிர்ஷ்ட ஈரலுடன்.’

தெத்சுயா கடைக்குப் போனபோது தட்டில் கொஞ்சம் பாக்கெட்டுகள்தான் மிச்சம். இரண்டை எடுத்தார். பக்கத்தில் அவருடைய பால்ய சிநேகிதன் சுகிமோரி வெறுங்கூடையோடு நின்றிருந்தான். எதிர்த் தீவில் தனியாக இருக்கும் மீன்பிடிக்காரன்.

“என்னடா, மீன் பிடிக்கிறவன் மீன் வாங்க வந்திருக்க?”

“அவிச்சுத் திங்கிற மாதிரி நறுக்கித் தர்றாங்களேடா. நாளைக்கு எனக்குப் பொறந்தநாள். சாயங்காலம் ஊர் ஒலிபெருக்கில அஞ்சு மணிப் பாட்டு முடிஞ்சதும் சட்டிய அடுப்புல ஏத்தி, நானே எனக்கு விருந்து வெக்கப் போறேன்.”

“அப்ப இத என் பரிசா வெச்சுக்க” என்று ஒரு பாக்கெட்டை அவன் கூடையில் போட்டார் தெத்சுயா. “ஈரலோட சாப்பிடு. மேயரே சாப்பிட்டாரு.”

அன்று இரவுச் சாப்பாட்டில் மனைவி மசுயோ ஈரலைத் தொடவில்லை. அவளுக்கு அந்த வாடையே ஆகாது. தெத்சுயா அவள் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டார். பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் அவர் உதட்டைத் தடவிக்கொண்டே சொன்னார்:

“மசுயோ, என் உதடு எங்கேயோ போயிருச்சு.”

அப்புறம் விரல் நுனி போயிற்று. எழுந்து நிற்கப் பார்த்தார், கால் வரவில்லை. பாயில் சாய்ந்துவிட்டார். மசுயோ குப்பைத் தொட்டியிலிருந்து பாக்கெட்டின் உறையை எடுத்துப் பார்த்தாள். பொன்னிறச் சீட்டின் அடியில் சிவப்பு எழுத்தில் இருந்தது: ‘அடித்தால் உடனே அழையுங்கள்.’ கூடவே தொலைபேசி எண். புண்ணியவான்கள், யோசித்துப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து அந்த எண்ணை அழைத்தாள்.

“அடிச்சிருச்சுங்க! எங்க வீட்டுக்காரருக்கு அடிச்சிருச்சு!”

“வாழ்த்துகள்மா!” என்றது ஒரு பெண் குரல். பின்னால் இரண்டு பேர் கைதட்டினார்கள். “திருவிழாக் குலுக்கல்ல முதல் ஆளு நீங்கதான். எங்க அடிச்சிருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க. முன்பக்கமா, பின்பக்கமா?”

“மொதல்ல உதட்டுல. இப்ப கை கால் எல்லாம் மரத்துப்போச்சு!”

“சந்தோஷத்துல அப்படித்தாம்மா இருக்கும். போன வருஷம் ஒருத்தர் மயக்கமே போட்டுட்டாரு.”

“ஐயோ, மூச்சு வாங்குதும்மா அவருக்கு!”

“மெதுவா விடச் சொல்லுங்க. பேரு, விலாசம் சொல்றீங்களா?”

மசுயோ சொன்னாள். “எப்ப வருவீங்க? சீக்கிரம் வரணும்!”

“நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேயரே நேர்ல வருவாரும்மா.”

அப்போதுதான் மசுயோவுக்கு உறைத்தது. போனை வைத்துவிட்டு ஆம்புலன்ஸை அழைத்தாள். தெத்சுயா பாயில் கிடந்தபடி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். சிரிக்க வேண்டும் போலிருந்தது. வாய் வரவில்லை.

*

அந்த விஷத்தின் குணம் அது. உடம்பைக் கட்டிப்போடும், புத்தியை விட்டுவிடும். ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் குழாய் இறக்கி, இயந்திரம் அவருக்காக மூச்சு விட்டது. இமையைத் திறக்க முடியவில்லை. காது மட்டும் முழு வேலை பார்த்தது.

விடிந்ததும் இரண்டு ஜோடிக் காலணிகள் அறைக்குள் வந்தன. ஒருவர் மேயர் கொமுரோ. அவர் சட்டைக்குப் போடும் கஞ்சியின் மொடமொடப்பைத் தெத்சுயா சத்தத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். இன்னொருவர் சுகாதாரப் பிரிவுத் தலைவர் ஹொசாகா.

“இது ஃபுகு விஷம்” என்றாள் டாக்டர் நகதோமி. “மாற்று மருந்து கிடையாது. விஷம் தானா இறங்குற வரைக்கும் மூச்சக் காப்பாத்திட்டா ஆளு பிழைச்சுக்குவாரு. அவர் மயக்கத்துல இல்ல, எல்லாம் கேக்கும். பார்த்துப் பேசுங்க.”

மேயரின் காலணி ஹொசாகா பக்கம் திரும்பியது.

“டாக்டரம்மா வெளியூரு” என்று ஹொசாகா மேயரிடம் மெதுவாக விளக்கினார்.

“அதானே பார்த்தேன்” என்றார் மேயர். “அம்மா, அந்தப் பேர்ல எங்க ஊர்ல மீன் கிடையாது.”

“நோயாளி இருக்காரே?”

“நோயாளி இருக்காரு. அத நாங்க மறுக்கல. அவர் படுத்திருக்கிறதையும் மறுக்கல. காரணத்துக்குத்தான் இன்னும் ஒப்புதல் வரல.”

இப்படிப்பட்ட விஷத்தைக் கண்டால் டாக்டர் உடனே சுகாதாரப் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அவள் விடிவதற்கு முன்பே தெரிவித்திருந்தாள். அந்தச் செய்தி போய் இறங்கிய மேஜை ஹொசாகாவுடையது.

மசுயோ இருவருக்கும் எதிரே போய் நின்றாள்.

“ஐயா, அந்தப் பாக்கெட் இன்னும் யார் யார் வீட்டுலயோ இருக்கு. ஒலிபெருக்கில சொல்லிடுங்க. ஒரு வார்த்தை போதும்.”

“உங்க உணர்வு எனக்குப் புரியுது” என்றார் ஹொசாகா. புரிகிறது என்று சொல்லிப் பழகிய குரல். “ஆனா எந்த வார்த்தையம்மா சொல்றது? அந்தப் பேர ஒலிபெருக்கில சொல்ல எங்களுக்கு அதிகாரம் இல்ல. சரி, ஃபுக்கு அடிச்சிருச்சுன்னு சொன்னா, ஊரே கைதட்டும். நீங்களே யோசிச்சுப் பாருங்க.”

“மீன் சாப்பிடாதீங்கன்னு சொல்லுங்க!”

“திருவிழாவுல ஊர் அலுவலகம் மீன் சாப்பிடாதேன்னு சொன்னா, அது கலவரமாயிரும். ஒலிபெருக்கி ஆபத்துக் காலத்துக்கு மட்டும். நிலநடுக்கம், சுனாமி. இதுல எதுவும் ஆடலையேம்மா.”

“என் புருஷன் ஆடலை. அதுதான்யா ஆபத்து!”

அவள் கோபத்தில் கிளம்பிவிட்டாள், கடைக்கே போய்ப் பாக்கெட்டுகளைப் பிடுங்கி எறிவதற்கு. டாக்டரை அடுத்த அறையில் கூப்பிட்டார்கள். இயந்திரத்தின் மூச்சுச் சத்தத்தைத் தவிர அறையில் ஒன்றும் இல்லை. மேயர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“கேக்கும்னு சொன்னாளே அந்தப் பொண்ணு?”

“இப்படிக் கெடக்கிறவருக்கு என்ன கேக்கும்?” என்றார் ஹொசாகா. “மேயரய்யா, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. நீங்களும் மேடையில சாப்பிட்டீங்களே. உங்களுக்கு ஒண்ணும் பண்ணலியா?”

மேயர் சிரித்தார். “யோவ், எனக்கென்ன பைத்தியமா? அது அன்கோ மீனோட ஈரல். வெஷமே கிடையாது. என் சம்சாரம் காலையிலேயே டப்பாவுல போட்டுக் குடுத்தனுப்பிட்டா. ஊருக்குத் தலைவனா இருக்கிறவன் உசுரோட இருக்கிறதும் ஒரு பொதுச் சேவைதான்யா.”

“அதுவும் சரிதான்.”

“நம்பிக்கைய நான் சாப்பிட்டுக் காட்டினேன். ஈரல ஜனங்க சாப்பிட்டாங்க. ஆளுக்கொரு பொறுப்பு.”

பிறகு ஹொசாகா ஜன்னல் பக்கம் நகர்ந்தார். போன் பொத்தான் சத்தம். குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் பேசினார். ஆனால் ஜன்னலும் தெத்சுயாவின் காதும் ஒரே பக்கத்தில் இருந்தன.

“எத்சுகோ, ஃப்ரிட்ஜுல அந்த மீன் இருக்குல்ல? தொடாத. பாக்கெட்டோட குப்பையில போடு, பூனைக்குக்கூட வெக்காத. உங்க அக்கா வீட்டுக்கும் சொல்லிடு. வேற யார்கிட்டயும் மூச்சு விடாத, என்ன?”

அதற்குப் பிறகு மேயரும் ஒரு போன் செய்தார். அதே செய்திதான், மாமியாருக்கு.

தெத்சுயாவுக்கு இத்தனை வருடம் தேய்த்த அத்தனை காலர்களையும் ஒன்றாகச் சுருட்டி இவர்கள் வாயில் திணிக்க வேண்டும் என்று இருந்தது. சுகிமோரி! தன் கையாலேயே அவன் கூடையில் போட்ட பாக்கெட். இன்று சாயங்காலம் அவன் சட்டியை ஏற்றுவான், தனியாக. உதடு மரத்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிட அவன் வீட்டில் ஒரு மசுயோ கிடையாது. மூச்சு விட்டுத்தர இயந்திரம் தீவில் கிடையாது. இது உலகத்தில் தெத்சுயா ஒருவருக்குத்தான் தெரியும். அந்த ஒருவரால் சுண்டுவிரலைக்கூட அசைக்க முடியவில்லை. ‘அசையேன், நாயே’ என்று தன் விரலைத் தானே திட்டினார்.

பகல் பன்னிரண்டு மணிக்கு ஊர் ஒலிபெருக்கி பேசியது. குழு கூடி எழுதிய வாசகம்.

“அன்பான ஊர்மக்களே, அதிர்ஷ்ட ஈரலை வைத்திருப்பவர்கள், தங்கள் அதிர்ஷ்டத்தைச் சிறிது காலம் அனுபவிக்காமல் பாதுகாத்து வைக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.”

ஊர் இதை எப்படிப் புரிந்துகொண்டது என்பதை மசுயோ திரும்பி வந்து சொன்னாள். விலை ஏறப்போகிறது என்று புரிந்துகொண்டது. கடையில் அடிதடியாம். கடைசிப் பாக்கெட்டுக்காக இரண்டு பெண்கள் ஒருவர் கூடையை ஒருவர் இழுத்தார்களாம். அவள் ‘வெஷம், வெஷம்’ என்று கத்தியபோது, ‘நீயே வாங்கிக்கலாம்னு பாக்கிறியா’ என்று தள்ளிவிட்டார்களாம். சொல்லிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அப்போது அந்தக் கையில் சுண்டுவிரல் லேசாக அசைந்தது.

*

விஷம் வந்த வழியே இறங்கியது. சாயங்காலம் நாலு மணி தாண்டிக் குழாயை எடுத்தார்கள். தொண்டை புண்ணாகிக் கிடந்தது. தெத்சுயா மனைவியைப் பார்த்துச் சொன்ன முதல் சொல்: “சுகிமோரி.”

இரண்டாவது முறை கேட்டுத்தான் அவளுக்கு விளங்கியது. உடனே போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. போனை வீட்டில் வைத்துவிட்டுப் படகில் போகிற ஆள் அவன். ஐந்து மணி வாக்கில்தான் கரையேறுவான். தீவில் மற்றவர்கள் திருவிழாவுக்கு இக்கரை வந்துவிட்டார்கள். அடுத்த படகு ஐந்து மணிக்குப் பிறகு. அங்கே இப்போது அவனோடு பேசக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: அவன் கொல்லையிலேயே நட்டு வைத்திருக்கும் ஊர் ஒலிபெருக்கிக் கம்பம்.

“அதுல எப்படிங்க பேசறது? நம்மள விடுவாங்களா?” என்றாள் மசுயோ.

கதவு திறந்தது. மேயர் ஒரு பெரிய அட்டைப் பரிசுச் சீட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். பின்னால் ஹொசாகா, கையில் ஒலிவாங்கி. தோளில் தொங்கிய பெட்டியில் சிவப்பு விசை.

“குனிஹிரோ! எழுந்துட்டீங்களா! குலுக்கல்ல முதல் பரிசு உங்களுக்குத்தான். ஒரு வருஷத்துக்கு அதிர்ஷ்ட ஈரல் இலவசம்!”

தெத்சுயா ஹொசாகாவின் கையிலிருந்த ஒலிவாங்கியைப் பார்த்தார்.

“ஊர்ல தேவையில்லாத வதந்தி” என்று மேயர் கட்டிலில் உட்கார்ந்து தோளில் கை போட்டார். “அதனால அஞ்சு மணிப் பாட்டு முடிஞ்சதும் இங்கிருந்தே நேரடியா ஒலிபரப்பறோம். நீங்க ஒரே ஒரு வரி சொல்லணும். ‘எனக்கு அடிச்சிருச்சு, ரொம்ப சந்தோஷம்.’ அவ்வளவுதான். பொய் சொல்லச் சொல்லல பாருங்க. அடிச்சது உண்மைதானே?”

“மேயரய்யா” என்றார் தெத்சுயா. குரல் உடைந்து வந்தது. “இது தீவு வரைக்கும் கேக்குமா?”

“என்ன இப்படிக் கேட்டுட்டீங்க! கழிப்பறையில உக்காந்திருக்கிறவனுக்கும் கேக்கும். எங்க ஒலிபெருக்கிக்கு மாநில விருது குடுத்திருக்காங்க.”

வெளியே ஐந்து மணிப் பாட்டு ஒலித்தது, பிள்ளைகளை வீட்டுக்குப் போகச் சொல்கிற பாட்டு. முடிந்ததும் ஹொசாகா விசையைப் போட்டார். மேயர் பேசினார். கடலின் கொடை என்றார், முன்னோர் தந்த சுவை என்றார், நம்பிக்கை என்ற சொல்லைப் பல தடவை சொன்னார். “இதோ, அதிர்ஷ்டம் அடித்தவரே பேசுகிறார்” என்று ஒலிவாங்கியை நீட்டினார்.

தெத்சுயா அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

“சுகிமோரி! டேய், சட்டிய இறக்கு! நான் குடுத்த ஈரலத் திங்காதடா! வெஷம்!”

ஜன்னலுக்கு வெளியே ஊர் முழுக்க அவர் குரல் மோதித் திரும்பி வந்தது. மேயரின் கை ஒலிவாங்கிக்குப் பாய்ந்தது. நடுவில் மசுயோ, சலைன் பாட்டில் தொங்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“தொட்டீங்கன்னா பாருங்க!”

“ஹொசாகா! நிறுத்துய்யா!”

“நான் சலவைக்கடைத் தெத்சுயா பேசறேன். எனக்கு அடிச்சது பரிசு இல்ல. ஃபுகு. நல்லாக் கேட்டுக்குங்க, ஃபுகு. மேடையில மேயர் தின்னது வேற மீனு ஈரல். அவர் வாயாலயே சொன்னாரு. நான் கட்டை மாதிரிக் கெடந்தேன், காது கெடக்கல.”

ஹொசாகாவின் விரல் சிவப்பு விசைமேல் இருந்தது.

“சுகாதாரப் பிரிவு ஐயா காலையில இந்த ஜன்னலோரம் நின்னு அவர் சம்சாரத்துக்குப் போன் பண்ணாரு. அந்தம்மாவுக்கு என்ன சொன்னாரோ அதையே உங்களுக்கும் சொல்றேன். ஃப்ரிட்ஜுல இருக்கிற அந்த மீனத் தொடாதீங்க. பாக்கெட்டோட குப்பையில போடுங்க. பூனைக்குக்கூட வெக்காதீங்க. அவர் சொல்லாத ஒண்ணையும் நான் சேத்துக்கறேன்: எல்லார்கிட்டயும் சொல்லுங்க!”

ஹொசாகா விசையை அழுத்தவில்லை. வெட்கமா, பயமா, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கடைசியில் மேயரே பாய்ந்து பெட்டியை அவர் தோளிலிருந்து பிடுங்கி அணைத்தார். ஒலிபெருக்கி ‘கர்’ என்று இருமி அடங்கியது.

எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். மசுயோ கையிலிருந்த போனையே பார்த்தாள். அது அடிக்கவில்லை. அவளே போட்டாள். யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். தெத்சுயா கண்ணை மூடிக்கொண்டார். ‘என் கையாலே கொடுத்தேனே’ என்ற நினைப்பைத் தவிர அவருக்குள் வேறொன்றும் இல்லை.

மூன்றாம் முறை அவள் போடுவதற்குள் போன் அதிர்ந்தது.

“யார்றா அவன், என் பேரச் சொல்லி ஊரக் கூட்டினவன்?” சுகிமோரியின் குரல் அறை முழுக்கக் கேட்டது. “மூடியத் தொறந்து குச்சிய உள்ள விட்டேன், கம்பம் கத்துது! சட்டியோட கடல்ல வீசிட்டேன். என் பொறந்தநாளுக்கு இப்ப வெறுஞ்சோறுதான், பாத்துக்க!”

தெத்சுயா வாய்விட்டு அழுதார். மரத்துப்போன உதட்டில் கண்ணீர் பட்டதை அவரால் உணர முடிந்தது. அதற்கும் சேர்த்து அழுதார்.

மேயர் பெட்டியைக் கட்டிப் பிடித்தபடியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய சட்டைப்பையில் போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. எடுக்கவில்லை.

“ஒரு திருத்தம் மட்டும் ஒலிபரப்பலாம் குனிஹிரோ” என்றார். குரலில் கெஞ்சல் வந்துவிட்டது. “நாக்கு மரத்திருந்துச்சு, உச்சரிப்புத் தப்பாயிருச்சுன்னு ஒரே வரி. இல்லேன்னா நம்ம ஊர்ப் பேரு என்னய்யா ஆகும்?”

தெத்சுயா கண்ணைத் துடைத்துக்கொண்டார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக மேயரை நேருக்கு நேர் பார்த்தார்.

“பேரு என்ன ஆகுமோ எனக்குத் தெரியாது மேயரய்யா. ஊர்ல ஆளு இருக்கும்.”